பட்டமரத்துக் குடிகள்

மரத்தைக் குடைகிற வண்டைத் தேடுகிறவர்கள் முதலில் மரத்தடியில் தூள் கிடக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வடகரை, பண்பொழி, கடையநல்லூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் வயதான மரம் ஒன்றின் அடியில் நார் கலந்த ஈரத்தூள் குவிந்து கிடந்தால் தோப்புக்காரருக்கு அடிவயிறு கலங்கும். அண்ணாந்து பார்த்தால் ஒரு கிளை மட்டும் இலை வாடி நிற்கும். பட்டையில் துளை, அதன் வாயில் சாறு வடிந்து கறுத்துக் காய்ந்திருக்கும். உள்ளே ஒரு புழு மாதக்கணக்காகத் தின்றுகொண்டிருக்கிறது. கொக்கிக் கம்பியை விட்டுக் குத்தி இழுப்பார்கள். மருந்தில் நனைத்த பஞ்சைத் திணித்து, துளையைக் களிமண்ணால் அடைப்பார்கள். பெரும்பாலும் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

அந்தப் புழு வளர்ந்து வண்டாகி வெளியே வரும்போது பார்த்தால் பிரமித்துப் போவோம். ஐந்து செ.மீ. அளவுக்குச் சாம்பல் படர்ந்த உடம்பு. கழுத்துப் பகுதியில் இரண்டு ஆரஞ்சுச் சிவப்புப் பொட்டுகள். முதுகில் மஞ்சள் புள்ளிகள். உடம்பைவிட நீளமாய்ப் பின்னோக்கி வளைந்த இரண்டு உணர்கொம்புகள். வேளாண் நூல்களில் இதற்கு மா தண்டுத் துளைப்பான் என்று பெயர். அறிவியலில் பட்டோசீரா ரூஃபோமாகுலாட்டா. 1775-இல் ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் டி கீர் இதற்குப் பெயர் வைத்தார். மாவோடு நிற்பதில்லை, அத்தி, இலவம், முருங்கை என்று இதன் பட்டியல் நீளமானது. மொரீஷியஸ், ரீயூனியன் போன்ற இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இஸ்ரேலின் அத்தித் தோட்டங்களில் இது செய்த சேதம் பெரிது.

இந்த மா வண்டு சேர்ந்த நெடுங்கொம்பு வண்டுக் குடும்பத்தில் உலகெங்கும் 35,000-க்கும் அதிகமான இனங்களுக்குப் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. 2017-இல் வெளியான இந்தியப் பட்டியலில் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இவற்றில் தமிழ்நாட்டு விவசாயியின் காதுக்கு எட்டியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மாவைத் துளைப்பது ஒன்று. முந்திரியைத் துளைப்பது ஒன்று. குளத்துக்குள் நட்ட இளங்கருவேலின் வேரையும் தண்டையும் குடைவது ஒன்று. காபிச் செடியைச் சாய்ப்பது ஒன்று. நம் பணத்தில் கைவைத்தவற்றை மட்டும்தான் நாம் அறிந்திருக்கிறோம். தாமிரபரணி பிறக்கும் மலையில், யாருடைய தோப்பையும் தொடாமல், விழுந்த மரத்துக்குள் பிறந்து அங்கேயே தலைமுறை தலைமுறையாய் வாழும் இனங்களை நாம் கேட்டதில்லை. இந்த அத்தியாயம் அவற்றின் பக்கம் நின்று எழுதப்படுகிறது.

மரத்துக்குள் வாழ்வது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று முதலில் பார்க்க வேண்டும். பல இனங்களில் தாய் வண்டு பட்டையைத் தன் தாடையால் கீறி, அந்தக் கீறலுக்குள் முட்டையிட்டுப் போய்விடும். பொரிந்து வரும் புழுவுக்குக் கால் இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான். கண்ணுக்கும் அங்கே வேலை இல்லை. தலையின் பெரும்பகுதி உடம்புக்குள் புதைந்திருக்க, கறுத்துக் கெட்டியான தாடைகள் மட்டும் முன்னே துருத்தி நிற்கும். உடம்பின் மடிப்புகளைச் சுவரில் ஊன்றி, முன்னால் இருப்பதைக் கடித்து விழுங்கி, பின்னால் தூளைத் தள்ளியபடி நகரும். அதற்கு வீடும் சோறும் வழியும் மரம்தான்.

ஆனால் மரத்தைப் போல மோசமான சோறு வேறில்லை. செல்லுலோஸும் லிக்னினும் நிறைய. உடம்பு வளர்க்கத் தேவையான நைட்ரஜன் மிகச் சொற்பம். மாட்டின் வயிற்றில் புல்லைச் செரிக்கிற வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன. நெடுங்கொம்பு வண்டுக்கும் அந்தத் துணை உண்டு என்றாலும், அது தன் குடலிலேயே செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. ஆசிய நெடுங்கொம்பு வண்டின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டபோது ஒரு வியப்பு வெளிப்பட்டது. இந்த நொதிகளுக்கான மரபணுக்களில் பல, வண்டின் மூதாதையர் பாக்டீரியாவிடமிருந்தும் பூஞ்சைகளிடமிருந்தும் பெற்றவை. ஒரு விலங்கு வேறு உலகத்து உயிரிடமிருந்து மரபணுவை வாங்கி, அதை வைத்துப் பிழைக்கக் கற்று, ஆயிரக்கணக்கான இனங்களாகக் கிளைத்திருக்கிறது. பரிணாமத்தில் இதைவிடத் துணிச்சலான கதை எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

சத்தில்லாத சோறு என்பதால் வளர்ச்சி நிதானம். மாவைத் துளைப்பதற்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு ஆகும். அறுத்து உலர்த்திய மரத்தில் வாழ்கிறவற்றுக்கு இன்னும் நெடுங்காலம். நம் வீட்டுக் கட்டிலையும் நிலைக்கதவையும் உத்தரத்தையும் அரிக்கிற ஸ்ட்ரோமாட்டியம் பார்பேட்டம் அப்படிப்பட்டது. நூற்றுக்கணக்கான மரவகைகளில் இதைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். மேசை வாங்கிப் பல வருஷம் கழித்து, ஒரு கோடைமழை இரவில் வண்டு துளை போட்டு வெளியே வரும். புது மேசையில் பூச்சி எப்படி நுழைந்தது என்று வீட்டார் திகைப்பார்கள். அது நுழையவே இல்லை. தச்சுப்பட்டறைக்கு வரும் முன்பே மரத்துக்குள் இருந்தது.

தேரிக்காட்டு முந்திரியில் நடப்பது இன்னும் விசித்திரம். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, சாத்தான்குளம், உடன்குடி, குதிரைமொழிப் பக்கம் செம்மணல் தேரிகள் விரிந்து கிடக்கின்றன. முந்திரி வளரும் இடமெல்லாம் அதன் தண்டையும் வேரையும் துளைக்கிற நியோப்ளோசீடரஸ் ஃபெருஜினியஸ் தொடர்ந்து வரும். அடிமரத்தில் பிசினும் தூளும் கசியும், இலை பழுக்கும், மரம் பட்டுப்போகும். அந்தப் பட்டமரத்தைப் பிளந்து பார்த்தால் உள்ளே கோழிமுட்டை ஓட்டைப் போல வெள்ளையான ஒரு கூடு கிடைக்கும். கூட்டுப்புழுப் பருவத்துக்குப் போகும் முன் புழு தன்னைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட்டால் ஒரு ஓடு கட்டிக்கொள்கிறது. சுண்ணாம்பு வெளியிலிருந்து வருவதில்லை. மரத்தில் இருக்கும் துளித்துளிச் சுண்ணத்தை மாதக்கணக்காய்த் தின்று, உடம்பில் சேர்த்து, கடைசியில் சுவராக எழுப்புகிறது. முந்திரிக்காரருக்கு இது எதிரி, அதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த ஓட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிற எவருக்கும் அதைக் கட்டிய புழுவின் மேல் மதிப்பு வராமல் போகாது.

வீட்டுத் தோட்டத்திலேயே பார்க்கக் கிடைப்பது ஸ்தீனியஸ் கிரிசேட்டர். ரோஜா, காகிதப்பூ, முசுக்கொட்டை, திராட்சை இவற்றின் கிளையைச் சுற்றி வளையம் போட்டதுபோல் பட்டையையும் கட்டையையும் கடித்துவிடும். வளையத்துக்கு மேலே கிளை வாடிக் காயும். அந்தக் காய்ந்த பகுதியில்தான் முட்டை. பச்சைமரத்தின் சாறு தன் குஞ்சைக் கொன்றுவிடும் என்பதால், தாய் முன்கூட்டியே சாற்றின் வரத்தை நிறுத்திவிடுகிறது. ஒடிந்து தொங்கும் கிளையைப் பார்த்து அணிலையோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையோ திட்டுகிறவர்கள், முறிந்த இடத்தைக் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் பெயர் வைத்தவர்கள் யார்? தமிழ்நாட்டுப் பூச்சிகள் ஐரோப்பிய அறிவியலுக்குள் நுழைந்த முக்கிய வாசல்களில் ஒன்று தரங்கம்பாடி. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768-இல் அங்கே வந்தார். அவரும் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஜானும் சோழமண்டலக் கரையில் சேகரித்த பூச்சிகள் கப்பலேறின. அவற்றில் பலவும் டேனிஷ் பூச்சியியலாளர் ஃபப்ரிசியஸ் கையில் பெயர் பெற்றன. மேலே சொன்ன கிரிசேட்டரும், மருதமரத்திலும் வாழ்கிற, வெளிச்சத்துக்கு வெளிச்சம் மினுக்கம் மாறுகிற பட்டுமேனி வண்டான ஈயோலெஸ்தஸ் ஹோலோசெரிசியாவும் 1787-ஆம் ஆண்டிலேயே அவர் நூலில் இடம்பெற்றுவிட்டன.

அடுத்த பெரிய முயற்சி 1906-இல் வந்தது. லண்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர் சார்லஸ் ஜோசப் கஹான், இந்தியா, இலங்கை, பர்மா மூன்றுக்குமான நெடுங்கொம்பு வண்டுகளை ஒரே தொகுதியில் தொகுத்தார். ஒவ்வோர் இனத்துக்கும் அளவு, நிறம், கிடைத்த இடம், பிடித்தவர் பெயர் என்று அவ்வளவு பொறுப்பான வேலை. இன்றைக்கும் அதைப் புரட்டாமல் இத்துறையில் யாரும் ஓரடி நகர முடியாது. ஆனால் அந்தத் தொகுதியில் லாமினே என்கிற துணைக்குடும்பம் இல்லை. அதற்குத் தனித் தொகுதி வேண்டியிருந்தது. அவர் கையால் அது வரவே இல்லை. உலகின் நெடுங்கொம்பு வண்டுகளில் பாதிக்கும் மேல் லாமினேக்கள். மாவைத் துளைப்பது, கருவேலைக் குடைவது, கிளைக்கு வளையம் போடுவது மூன்றும் லாமினேக்களே. ஆக, இந்தியாவின் மிகச் சிறந்த நெடுங்கொம்பு நூலில் நம் மாந்தோப்பு வண்டுக்கே இடமில்லை.

பின்னர் வியன்னாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஸ்டெஃபான் பிராய்னிங், 1983-இல் இறக்கும் வரை, லாமினேக்களில் 7,000-க்கும் மேற்பட்ட பெயர்களை வழங்கினார். பெரும்பாலும் அருங்காட்சியகப் பெட்டிகளில் குத்தி வைத்திருந்த மாதிரிகளைப் பார்த்து, ஓரிரு வரி விவரத்தோடு. காட்டில் அந்த வண்டு எந்த மரத்தில் வாழ்கிறது, எந்த மாதம் வெளிவருகிறது என்பது அந்தப் பெட்டிகளில் இருக்காது. வாழ்க்கையைப் படித்தவர்கள் வனத்துறைக்காரர்களும் வேளாண்துறைக்காரர்களும். டேராடூன் ஆய்வகத்தைச் சேர்ந்த பீசன் 1941-இல் வெளியிட்ட காட்டுப்பூச்சி நூலும், அதற்கு முந்தைய ஆண்டு டி.வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளுக்காக எழுதிய கையேடும் அந்த வகையில் பெரும் உழைப்பு. ஆனால் அவர்களின் அக்கறை, இயல்பாகவே, மரத்தின் விலைமேல் இருந்தது. விலையில்லாத மரத்தில் வாழ்ந்த வண்டைத் தேடிப் போக அவர்களுக்குச் சம்பளம் தரப்படவில்லை.

இனி மலைக்குப் போவோம்.

அம்பாசமுத்திரத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற பொதிகை, கடல் சூழாத ஒரு தீவு. கீழே திருநெல்வேலிச் சமவெளி. மழைநிழலில் காய்கிற பூமி. அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் பொதிகையின் உச்சியான அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரத்துக்கு எழும்பிவிடுகிறது. அங்கே தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்யும். நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சிப் பக்கம் மழைக்கணக்கு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமான இடங்களுள் ஒன்று. ஈரத்திலேயே பழகிய ஓர் உயிருக்குச் சுற்றியுள்ள வெயில் பூமி கடலுக்குச் சமம். கடந்து போக முடியாது. வடக்கேயும் வழி இல்லை. செங்கோட்டைக் கணவாய் அங்கே மலைத்தொடரை வெட்டிப் பிரிக்கிறது.

இந்தக் கணவாய் வெறும் ரயில் போகிற வழி என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குத் தெற்கே மட்டும் வாழும் உயிர்கள் உண்டு. செங்குறிஞ்சி மரம் அப்படி. 2017-இல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட ஒரு சோலைப்பறவையும் அப்படி. அதற்குக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள அசம்பு மலையின் பெயரையே அறிவியல் பெயராக வைத்தார்கள். சிறகுள்ள பறவையே கணவாயைத் தாண்டாமல் தனி இனமாகியிருக்கிறது. மரத்துக்குள் பிறந்து, இரண்டாண்டு இருட்டில் கழித்து, சில வாரங்கள் மட்டும் வெளியே பறக்கிற வண்டுக்குக் கணவாய் இன்னும் அகலமாய்த்தான் இருக்கும்.

உண்மையான தீவு ஒன்றும் அருகிலேயே இருக்கிறது. பனியூழிக் காலங்களில் கடல் தாழ்ந்தபோது இலங்கையும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன. அப்படியிருந்தும், இரு பக்கத்து ஈரக்காடுகளின் தவளைகளும் நன்னீர் நண்டுகளும் ஒன்றோடொன்று அதிகம் கலக்கவில்லை என்று 2004-இல் மரபணு ஆய்வு காட்டியது. காய்ந்த நிலம் நடுவே கிடந்தால் பாலம் இருந்தும் பயனில்லை. நெடுங்கொம்பு வண்டுகளில், காய்ந்த காட்டிலும் வாழத் தெரிந்த பெரிய இனங்கள் இரு கரையிலும் இருக்கின்றன. அகாந்தோபோரஸ் செராட்டிகார்னிஸ் அப்படிப்பட்டது. தென்னிந்தியாவின் மிகப் பெரிய வண்டுகளில் ஒன்று, இலங்கையிலும் உண்டு. பழுப்பு மேனி, கழுத்தின் விளிம்பில் முட்கள், ரம்பப்பல் போன்ற கொம்புகள், கையைக் கிழிக்கிற தாடை. சீண்டினால் பின்னங்காலை இறக்கையுறையின் விளிம்பில் தேய்த்துச் சீறும். புழு அடிக்கட்டையிலும் வேரிலும் வளரும். முதல் மழைக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்துக்கு வந்து மோதுவதுண்டு. பார்த்தவர்கள் பயந்து துடைப்பத்தை எடுப்பார்கள். அது கடிக்கத் தேடி வருவதில்லை. துணை தேடிப் போகிற வழியில் விளக்கு அதை ஏமாற்றிவிட்டது.

தீவுக்கும் பெரிய நெடுங்கொம்பு வண்டுக்கும் உள்ள உறவை அறிய பிஜியைப் பார்க்கலாம். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்கள் கரும்பு வெட்டக் கப்பலேறிய அதே பிஜி. அதன் முதன்மைத் தீவான விட்டி லெவுவின் மழைக்காட்டில் ஜிக்சூத்ரஸ் ஹீரோஸ் என்ற வண்டு வாழ்கிறது. உலகின் மிகப் பெரிய வண்டுகளில் ஒன்று, உள்ளங்கையில் அடங்காது. அவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் இதுவரை கிடைத்த மாதிரிகள் மிகக் கொஞ்சம். பெரும் மரங்கள் சாய்ந்து, படுத்த இடத்திலேயே மட்க விடப்படும் பழங்காடு அதற்கு வேண்டும். அந்தக் காடு சுருங்கச் சுருங்க வண்டும் சுருங்குகிறது. போக வேறிடம் இல்லை என்பதுதான் தீவில் வாழ்வதன் பொருள்.

பொதிகையின் வண்டுகளுக்கும் அதே நிலைதான். 1962-இல் இந்த மலைச்சரிவின் முண்டந்துறை புலிகளுக்கான சரணாலயமானது. 1976-இல் களக்காடு சரணாலயமானது. 1988-இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. புலியைக் காக்கப் போட்ட வேலிக்குள் வண்டும் காப்பாற்றப்பட்டது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். 1990-களில் அடிவார ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைத்து, மாற்று எரிபொருளும் கடனும் கொடுத்ததில், மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கிய விறகு வெகுவாகக் குறைந்தது. விறகு சுமந்த பெண்களுக்கு அது இடுப்பொடிகிற வேலையிலிருந்து விடுதலை. மரத்துக்குள் இருந்த புழுக்களுக்கு உயிர்.

இருந்தும் பட்டமரத்தின் மேல் நமக்கு இருக்கிற அலட்சியம் போகவில்லை. காட்டில் விழுந்த மரம் வீண் என்றும், அதை அகற்றுவது சுத்தம் என்றும் படித்தவர்களே நினைக்கிறார்கள். மட்கும் மரத்தில் முதலில் நுழைகிறவை நெடுங்கொம்பு வண்டுகளின் புழுக்கள். அவை போட்ட சுரங்கத்தின் வழியாகத்தான் பூஞ்சை உள்ளே போகிறது, ஈரம் போகிறது, கறையான் போகிறது. மரங்கொத்தி அந்தப் புழுவுக்காகத் தட்டுகிறது. அது குடைந்த பொந்தில் பின்னால் கிளியும் மைனாவும் குடியேறுகின்றன. மரத்தில் அடைபட்டுக் கிடந்த சத்து மண்ணுக்குத் திரும்புகிறது. மழையை வாங்கி வைத்துக் கோடையிலும் கசியவிடும் அந்த மட்குமண்ணைத் தாமிரபரணியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. வளர்ந்த வண்டுகளில் பல பூக்களுக்கும் போய் மகரந்தம் தின்கின்றன. காக்காச்சிக் காட்டில் கணேஷ், சௌபத்ரா தேவி, பிரியா தாவிதார் ஆகியோர் கயிறு கட்டி மரமுடியில் ஏறி மகரந்தச் சேர்க்கையைப் படித்தபோது, தேனீக்களோடு வண்டுகளும் அந்த வேலையில் இருப்பதைக் கண்டார்கள்.

இதே மலையிலுள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களுக்காக 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிறது. எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் காட்டுக்குத் திரும்ப இருக்கிறது. தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்களுக்கு நியாயமான மறுவாழ்வு கிடைக்க வேண்டும் என்பது என் முதல் கருத்து. அதன் பிறகு அந்த நிலத்தை என்ன செய்வது என்று திட்டமிடுகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: சாய்கிற நிழல்மரங்களை ஏலம் விட்டு இறக்காதீர்கள். கிடந்த இடத்தில் கிடக்கட்டும். நாற்று நடுவதைப் போலவே மட்க விடுவதும் காடு வளர்க்கிற வேலைதான்.

இந்த வண்டுகளைப் படிக்க ஆள் வேண்டும். வெளியூரிலிருந்து வர வேண்டும் என்பதில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இருந்துகொண்டு டன்ஸ்டன் அம்புரோஸ், பிற பூச்சிகளைக் குத்தி உறிஞ்சும் கொலைகாரப் பூச்சிகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். 1999-இல் வந்த அவருடைய நூல், அந்தப் பூச்சிகளைப் படிக்கிற எந்த நாட்டவரும் எடுத்துப் பார்க்கிற நூல். ஒரு மாவட்டத் தலைநகர்க் கல்லூரியிலிருந்து அது முடிந்தது. நெடுங்கொம்பு வண்டுகளுக்கும் இதே ஊரிலிருந்து ஒருவர் வரலாம். பொதிகை அவருக்குக் கூப்பிடு தூரம்.

அதுவரை நீங்களும் கொஞ்சம் உதவலாம். கோடைமழை பெய்த இரவுகளில் தெருவிளக்கின் அடியிலும் வாசல் விளக்கின் சுவரிலும் பாருங்கள். உடம்பைவிட நீளமான கொம்போடு ஒரு வண்டு உட்கார்ந்திருந்தால் அடிக்காமல் படம் எடுங்கள்; மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தேதியும் ஊரும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ இந்தியப் பல்லுயிர்த் தளத்திலோ ஏற்றுங்கள். பகலில் மரத்தில் பார்த்தால் அது எந்த மரம், பச்சைமரமா பட்டமரமா என்பதையும் தவறாமல் எழுதுங்கள். அருங்காட்சியகப் பெட்டிகளில் இல்லாத தகவல் அதுதான்.